ஒப்பாரியில் என்ன ஆராய்ச்சி?

1988, ஆகஸ்ட், வெள்ளி இரவு. தாம்பரம்.

கோபம் இன்னும் தணியவில்லை.

இன்று கல்லூரி ஆராய்ச்சிக் குழுவில், குடிநீர்க் கிருமிகளைப் பற்றி ஆராயும் சேகர் சாருக்கு உடனே அனுமதி கிடைத்தது. சர்க்கரை நோய் பற்றிய ஆய்வுக்கும் கிடைத்தது. நான் ஒப்பாரிப் பாடல்கள் என்றதும் பிரின்சிபால் சிரித்துவிட்டார்.

"அழறதுக்கெல்லாம் ரிசர்ச்சா, மேடம்?"

டேப்ரிக்கார்டரைப் போட்டேன். பொழிச்சலூரில் வாந்திபேதிக்கு மகளைப் பறிகொடுத்தவளின் குரல் அது.

"புளியமரத்தாண்ட கெணத்துத் தண்ணி, குளுந்து கீதுன்னு குடுத்தேனே, கண்ணே!"

அறையில் சிரிப்பு அடங்கிவிட்டது. சேகர் சார் எழுந்தே விட்டார். "எந்தக் கிணறு மேடம்? இன்னும் அதைக் குடிக்கிறாங்களா?"

பிரின்சிபால் என்னைப் பார்த்து, "நல்ல டேட்டா. கேசட்டை சேகர்கிட்ட குடுத்துடுங்க. நீங்க வேற தலைப்போட அடுத்த வருஷம் வாங்க" என்றார்.

அவள் அழுதது அவர்களுக்கு வேண்டுமாம். அதை உட்கார்ந்து கேட்டவள் வேண்டாமாம்!

சேகர் சாருக்குக் கிணற்றுக்கு வழி சொல்லிவிட்டேன். அங்கே இன்னும் பிள்ளைகள் குடிக்கிறார்கள். காலையிலேயே போவதாகச் சொன்னார். கேசட்டை மட்டும் நான் கொடுக்கவில்லை. தலைப்பையும் மாற்ற மாட்டேன்.