அப்பா சுடுதண்ணீர்க் குளத்தில் இறங்கிய கதை

லாங்கன்தால்
22.02.1998

அன்புள்ள மகள் லாராவுக்கு,

ஆண்டவரின் காவலில் நீ குளிர் பிடிக்காமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும் என்று மன்றாடிக்கொண்டு அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இரண்டு பேரும் சுகம், என்னுடைய பொறுமைக்கு மட்டும்தான் சுகமில்லை. உன் கடிதமும் படமும் கிடைத்தன. இரண்டு கிழமையாய் நகானோ ஒலிம்பிக் என்று ரீவியில் ஜப்பானில் உங்கள் பக்கத்து மலைகளைக் காட்டுகிறார்கள், சனக்கூட்டம் வரும்போதெல்லாம் நீ நிற்கிறாயோ என்று நான் கிட்டப் போய்ப் பார்க்க, மறைக்கிறேன் என்று அப்பா கத்துகிறார். சிநேகிதிகளோடு பனிமலையைப் பார்த்தபடி சுடுநீர் ஊற்றில் குளித்ததாக எழுதியிருந்தாய், சந்தோசம், ஆனால் அங்கே பொம்பிளைகள் எல்லாரும் ஒரு துணியும் இல்லாமல் ஒன்றாய் இறங்குவதுதான் வழக்கம் என்பதை அம்மாவுக்கு எழுதத்தான் வேண்டுமோ? அதை வாசித்த நாள் தொடக்கம் கோயிலில் சுவாமியாரின் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாய் இருக்கிறது.

அந்தக் கடிதத்தின் கடைசி வரியால்தான் இவ்வளவும் வந்தது. அப்பாவின் முழங்காலுக்கு இது நல்லது, சுவிஸிலும் மலைப்பக்கம் இருக்கிறது, கூட்டிக்கொண்டு போங்கோ என்று நீ சுகமாய் எழுதிவிட்டாய், இழுத்துக்கொண்டு போனது நான். பன்னிரண்டு வருசம் தொழிற்சாலையின் சீமெந்துத் தரையில் நின்று நின்று அவர் படியிறங்குவதே இப்போது ஒரு வேலை. டொக்டரும் ஒரு வருசமாய்ச் சொல்கிறார், சுடுதண்ணீருக்குள் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பரேசன் செய்யத்தான் வேண்டும் என்று. இவருக்கு ஒவ்வொரு சனிக்கும் ஒரு சாட்டு. ஒரு கிழமை தடிமன், மற்றக் கிழமை செத்தவீடு, அடுத்த கிழமை பனி கூடிப்போச்சாம். கடைசியில் நான் கேளாமலே ரயில் ரிக்கற்றை எடுத்து வந்து அவருடைய தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

போன கிழமை சனிக்கிழமை வெளிக்கிட்டோம். பேர்னில் மாறி, நீளச் சுரங்கத்துக்குள்ளால் போய், பிறகு பஸ்ஸில் வளைந்து வளைந்து ஏறி எனக்கு வயிற்றைப் பிரட்டிவிட்டது. ஆனால் மேலே போய் இறங்கினால், உண்மையைச் சொல்ல வேண்டும், உன் படத்தைவிட வடிவு. சுற்றிவர மதில் கட்டின மாதிரி மலை, அதன் உச்சியில் வெயில், நடுவில் திறந்த குளம், புட்டுப் பானை மாதிரி ஆவி பறக்கிறது. உடுப்பு மாற்றுகிற இடத்திலிருந்து உன் அப்பா வெளியே வந்தார் பார், இடுப்பில் கட்டின சாரத்தோடு! நான் பையில் வைத்த நீச்சல் காற்சட்டையை வெளிக்கிடும்போது எனக்குத் தெரியாமல் எடுத்துக் கட்டிலுக்குக் கீழே தள்ளியிருக்கிறார். அங்கே வேலைசெய்கிற பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு இதோடு இறங்க ஏலாது என்றாள். அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "பாத்தீரோ, விடமாட்டினமாம், வாரும் போவம்" என்றார். நான் விட்டேனோ, அங்கேயே வாடகைக்கு ஒன்று எடுத்துக் கொடுத்தேன், பச்சையில் மஞ்சள் பூப் போட்டது, அவருடைய அளவில் வேறு இருக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பத்மினி இரவல் தந்த நீச்சலுடுப்பில் ஐம்பது வயதில் முதல்தரம் சனத்துக்கு முன்னால் நிற்கிறேன், என்னுடைய வெட்கத்தைப் பார்க்க எனக்கு எங்கே நேரம்.

குளத்தின் இரண்டாவது படியில் நின்றவர் நின்றவர்தான். தண்ணீர் கணுக்காலுக்கு மேலே வரவில்லை. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், பின்னால் சனம் சேர்ந்துவிட்டது. நான் இடுப்பளவு தண்ணீரில் நின்று கெஞ்சினேன், பிறகு ஏசினேன். தமிழ் ஒருவருக்கும் விளங்காதுதானே என்ற துணிவில், "சின்னப் பிள்ளையளே இறங்குதுகள், நீங்கள் ஒரு ஆம்பிளையோ" என்று உரக்கக் கேட்டுவிட்டேன். அதைச் சொன்ன வாய் இன்னும் எனக்குக் கசக்கிறது.

அப்போது எண்பது வயது இருக்கும், ரப்பர் தொப்பி போட்ட ஒரு சுவிஸ் மனுசி, தான் பிடித்திருந்த மிதப்பை அவருக்கு நீட்டி, எனக்குத் தேவையில்லை, நீங்கள் வைத்திருங்கோ என்று ஜேர்மன் பாசையில் சொன்னா. அப்பா அதை வாங்கவில்லை. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன்னுடைய அரைகுறை டொச்சில் சொல்லத் தொடங்கினார். என் தம்பி, கடல், படகு பிரண்டது, ஒரு பிளாஸ்ரிக் கலன் மட்டும் மிதந்தது, தம்பி அதை எனக்குத் தந்தான், எனக்கு நீந்தத் தெரியாது, அவனுக்குத் தெரியும், அவன் வரவில்லை. அவ்வளவுதான், துண்டு துண்டாய்.

எட்வின் சித்தப்பா எண்பத்து நாலில் மீன்பிடித் தொழிலுக்குப் போய்க் கடலில் காணாமற்போனவர் என்றுதான் உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்பா அதற்கு முதல் கிழமையே தனியாய் இராமேஸ்வரம் போய்ச் சேர்ந்ததாக எனக்குக் கடிதம் போட்டவர். இரண்டு பேரும் ஒரே படகில் போனவர்கள் என்பதைப் பதினாலு வருசம் கழித்து அறிகிறேன் பிள்ளை, அதுவும் டொச்சில், அதுவும் பேர் தெரியாத ஒரு மனுசிக்குச் சொல்லும்போது! கட்டின பெண்சாதி நான் மூன்று முழம் தள்ளி நிற்கிறேன். எனக்கு அழுகை வந்ததோ ஆத்திரம் வந்ததோ என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

அந்த மனுசி மிதப்பைக் கரையில் போட்டுவிட்டு, மெதுவாய், மெதுவாய் என்று கையை நீட்டினா. ஒரு பக்கம் அவ, மற்றப் பக்கம் நான். தண்ணீர் நெஞ்சுக்கு வந்தபோது அப்பா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் இரண்டு நாள் நீலம் பாரித்திருந்தது. பிறகு நடந்தார். குளத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நாலு தரம், முழங்கால் நோகவில்லை என்று தானே சொன்னார். மலைப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார், ஆவியில் ஒருவருக்கும் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது.

திரும்பும்போது பேர்ன் வரைக்கும் நான் செபமாலையை உருட்டிக்கொண்டே வந்தேன். "கோவமோ" என்று கேட்டார். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்றேன். "உமக்குச் சொன்னால் என்ர அம்மாவுக்கும் சொல்லவேண்டி வந்திருக்கும். கலனை நீ ஏன் வாங்கினனீ எண்டு அவ கேட்டால் நான் என்னத்தைச் சொல்ல? அந்த மனுசிக்கு என்னையும் தெரியாது, அவனையும் தெரியாது" என்றார். அப்பம்மா கண்ணை மூடியே ஆறு வருசம், பிறகென்ன தடை என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது, அவருடைய முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். ஆனால் கோபம் போகவில்லை, அதையும் எழுதி வைக்கிறேன்.

இதோடு முடிந்ததென்று நினையாதே. செவ்வாய்க்கிழமை வேலையால் வரும்போது ஒரு தாளை நீட்டுகிறார். இங்கே பெரிய ஆட்களுக்கு நீந்தப் பழக்குகிறார்களாம், வியாழன் பின்னேரம், இரண்டு பேருடைய பேரையும் பதிந்துவிட்டார், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தண்ணீருக்குள் நடக்கச் சொன்னால் இந்த மனுசன் நீந்தப் போகிறாராம்! உங்களுக்கு வேணுமெண்டால் போங்கோ, எனக்கென்னத்துக்கு என்று சத்தம் போட்டேன். "ஒராளுக்கு மட்டும் தெரிஞ்சால் போதாது, றீற்றா" என்றார். பத்மினியின் உடுப்பைத் தோய்த்துக் காயப்போட்டிருக்கிறேன், இன்னும் கொஞ்ச நாள் வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், படிப்பு நல்லபடி முடியட்டும், தலை ஈரத்தோடு பனிக்குள் திரியாதே. ஞாயிற்றுக்கிழமைகளில் நீ ரெலிபோன் எடுக்க அப்பா தூக்கினால், அம்மா எங்கே என்றுதான் உடனே கேட்கிறாய், அவரும் தந்துவிட்டுப் போய்விடுகிறார். வருகிற ஞாயிறு நான் குசினியில் சமையலோடு நிற்பேன், கூப்பிட்டாலும் வரமாட்டேன். எட்வின் சித்தப்பா எப்படிப்பட்டவர் என்று அவரிடம் கேள், கேட்டுவிட்டு அவர் சொல்லும் வரைக்கும் பேசாமல் இரு.

முத்தங்களோடு,
உன் அம்மா
றீற்றா றெஜினோல்ட்