அப்பாவுக்கான மாத்திரை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கச்சி எழுதுவது. அங்கே நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். தையல் கடையில் எனக்கு இப்போது சட்டைப் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்கும் வேலை. யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதால் பிடித்திருக்கிறது.

அம்மாவின் கால் தேவலை. போர்வை பட்டாலே நெருப்புப் பட்டதுபோல் துடித்தவள், முந்தாநாள் செருப்புப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை போய் வந்தாள்.

எல்லாம் புது மருந்தால்தான். அது என்னவென்று போனில் சொல்லத் தயங்கினேன். குடியை நிறுத்தக் கொடுப்பார்களே, அப்பா விழுங்காமல் ஜன்னலுக்கு வெளியே துப்புவாரே, அதே மாத்திரை. முழுசாகக் கொடுத்தால் குடிக்கு, துளியளவு கொடுத்தால் சிலருக்கு நரம்பு வலி தணிகிறது என்றார் டாக்டரம்மா. பெட்டிக்குள் இருக்கும் தாளில் அப்படிப் போட்டிருக்காதாம். எல்லாருக்கும் கேட்கும் என்றும் சொல்ல முடியாதாம். அவர் காட்டியபடி தண்ணீரில் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து கொடுக்கிறேன்.

சிக்கல் மருந்துக்கடையில். முதல் தடவை கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு, எல்லார் முன்னாலும், "வீட்டுல யாரும்மா குடிக்கிறது? அப்பாவா?" என்றார். தலையை ஆட்டிவிட்டேன். அம்மா பேரில் வாங்கி அப்பாவுக்குக் கொடுக்கிறோம் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். அப்புறம் போகும்போதெல்லாம் விசாரிப்பு. குறைத்திருக்கிறாரா, வேலைக்குப் போகிறாரா. எல்லாவற்றுக்கும் ஆட்டினேன். அக்கா, அந்தக் கடையில் அப்பா குடியை விட்டுவிட்டார்.

அம்மாவிடம் சொன்னேன். சிரித்தாள். உயிரோடு இருந்தபோது திருந்தாத மனுஷன் உன் தலையாட்டலுக்குத் திருந்திவிட்டாரா என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "எங்கடி வேலைக்குப் போறாராம்?" என்று கேட்டாள்.

இப்போதெல்லாம் நான் மருந்துக்கடையிலிருந்து வந்தால் மருந்தைக் கேட்பதில்லை, என் முகத்தையே பார்க்கிறாள். நேற்று அப்பாவின் நீலச் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டிருந்தாள். அதை உள்ளே எடுக்க எனக்குக் கை வரவில்லை.

நேற்றுதான் கடைக்காரர் சொன்னார், "அடுத்த தடவை அப்பாவைக் கூட்டிட்டு வா. ஆளைப் பாக்காம இனிமே மாத்திரை கிடையாது." கையிலிருப்பது சில நாளைக்குத்தான் வரும். மருந்து நின்றால் அந்தக் கால் மறுபடி எரியும். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இன்று காலை போனேன். கடை வாசலிலேயே திரும்பிவிட்டேன்.

நீ பேசு அக்கா. கடை எண் பின்பக்கம் இருக்கிறது. மருந்து அம்மாவுக்குத்தான், அப்பா போன வருஷமே போய்விட்டார் என்று சொல்.

நீ கடைக்காரரிடம் சொன்னதை அம்மாவுக்கு மட்டும் சொல்லிவிடாதே. அவளுக்கு அப்பா இன்னும் கொஞ்ச நாள் வேலைக்குப் போகட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கச்சி