பெரிய வெள்ளிக்கிழமைக்குப் பன்னீர்

அக்கா,

நேற்று பட்டணத்திலிருந்து வாசகசாலைக்குப் புத்தகக் கட்டு வந்தது. தீபாவளிக்கு நான் போடும் புத்தக மேசைக்காக எழுதி வரவழைத்தது. பிரித்துப் பார்த்தால் அதில் ஒன்று ஓரம் வெட்டாத புத்தகம். ஏடுகள் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தன. அறுத்துப் பிரித்தால்தான் உள்ளே இருப்பதைப் படிக்க முடியும். பார்த்ததும் எனக்கு முகம் சுட்டது. அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை. இருந்தும் அதை மற்ற புத்தகங்களுக்கு அடியில் தள்ளிவிட்டேன். கீழே மண்டியில் தோல் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் போனபின் நான் போடப்போகும் முதல் மேசை இது.

உங்களை முதன்முதலில் பார்த்தது என் பிரசவத்தில்தான். மருத்துவச்சியம்மா வந்துவிட்டார் என்று பின்வாசலைத் திறந்துவிட்டார்கள். வலியில் நான் போட்ட கூச்சலுக்கு நீங்கள் அசரவில்லை. "இன்னாத்துக்கு இப்டி கூவுற? மூச்ச புடி. பாதி வேல ஆயிடிச்சி" என்று அதட்டினீர்கள். மகள் பிறந்தாள். மறுபடி பார்க்க வந்தபோது உங்கள் பையில் கத்தரிக்கோலுக்கும் டிஞ்சர் புட்டிக்கும் நடுவில் ஒரு கதைப் புத்தகம் இருந்தது. "படுத்துனே கெடக்கிறியே, படி" என்று கொடுத்துவிட்டுப் போனீர்கள். நீங்கள் தெருமுனை திரும்பக்கூட இல்லை, உங்கள் காலடி பட்ட இடமெல்லாம் என் மாமியார் தண்ணீர் ஊற்றிக் கழுவத் தொடங்கினார். நான் புத்தகத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அந்த ஒரு புத்தகத்தில் பிடித்ததுதான் இந்தப் பைத்தியம். தோல் மண்டி மாடியில், மண்டி முதலாளி சாயபு வாடகையில்லாமல் விட்டிருந்த வாசகசாலை அறையில் ஆண்கள்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமைப் பிற்பகலும் பண்டிகை நாளும் பெண்களுக்கு வேண்டும் என்று கமிட்டியாரிடம் நடையாய் நடந்து வாங்கியது நீங்கள். ஆனால் சாவியை என்னிடம் கொடுக்கச் சொன்னீர்கள். உங்கள் கையில் கொடுக்க அவர்களுக்கு மனம் வராது என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தது. சாவி கிடைத்த பெருமையில் நான் அதை யோசித்துப் பார்க்கவே இல்லை.

பண்டிகை மேசை என் யோசனை. எந்தப் பண்டிகை வருகிறதோ அதற்கு ஏற்ற புத்தகங்களை அலமாரியிலிருந்து எடுத்து, வெள்ளைத் துணி விரித்த மேசையில் படம் தெரியத் திறந்து வைப்பேன். படிக்கத் தெரிந்த ஒருத்தி படிப்பாள், மற்றவர்கள் கேட்பார்கள். பொங்கலுக்கு மாடுகளைப் பற்றிய புத்தகம் எடுத்தால் ஆளுக்கொரு மாட்டுக் கதை கிளம்பும். ரமலானுக்கு சாயபு வீட்டம்மா பின்படி வழியாக வந்து நபிமார் கதையைப் படிப்பார். வருகிறவர்களுக்கெல்லாம் வாசலிலேயே சந்தனம், கற்கண்டு, பன்னீர். ஊரில் என்னைப் பற்றிப் பேசினார்கள். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் போனது.

உங்கள் தெருப் பெண்கள் மட்டும் வரவில்லை. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்து தோல் பதனிடும் ஷாப்புக்கு வேலைக்கு வருகிறவர்கள். "எங்க மேல தோல் நாத்தம் வருது. மாடியில யாரு எங்கள சேப்பாங்க?" என்றார்களாம். ஒரு வருஷம் விடாமல் பேசி, நம் நாளுக்கும் மேசை போடுகிறார்கள், வந்து பாருங்கள் என்று பெரிய வெள்ளிக்கிழமைக்கு அவர்களைச் சம்மதிக்க வைத்தீர்கள். "பயந்துனே வர்றாங்க. இந்த ஒரு தபா மனசு கோணிடிச்சின்னா அப்புறம் ஏறவே மாட்டாங்க" என்று என்னிடம் சொன்னீர்கள். என்ன செய்யவேண்டும் என்று கேட்டேன். "புஸ்தகத்துலயே இருக்குதேம்மா, பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு வாணியம்பாடிக்கு ஒரு பிரசவத்துக்குப் போய்விட்டீர்கள்.

நான் பார்த்தது காலண்டரைத்தான். அந்தத் தேதி சிவப்பாக இருந்தது. சிவப்பாக இருந்தால் விடுமுறை, விடுமுறை என்றால் பண்டிகை. மாவிலைத் தோரணம் கட்டினேன். கலர்க் காகிதத்தை வெட்டி 'பெரிய வெள்ளிக்கிழமை நல்வாழ்த்துக்கள்' என்று சுவரில் ஒட்டினேன். ஏசுநாதர் சரித்திரத்தை முதல் படத்தில் திறந்து வைத்து, பக்கத்தில் தட்டு நிறையக் கற்கண்டும் வைத்தேன்.

கோயிலில் ஆராதனை முடிந்து நேராக வந்தார்கள். எல்லோரும் வெள்ளைப் புடவை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காத முகங்கள். நீங்கள் கடைசியாகப் படியேறி வந்துகொண்டிருந்தீர்கள். நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, முதலில் ஏறி வந்தவள் மேல் பன்னீரைத் தெளித்தேன்.

அவள் புடவையில் விழுந்த துளிகளைப் பார்த்தாள். தோரணத்தைப் பார்த்தாள். "இன்னாம்மா இது, சாவு வூட்ல கண்ணாலம் பண்றீங்க?" என்றாள். "எங்க சாமிய சிலுவையில அறைஞ்ச நாளு இது."

பன்னீர்ச் செம்பைக் கீழே வைத்தேன். இன்னொருத்தி, "நம்மள வெச்சி வெளையாடுறாங்கடி, வா போலாம்" என்று திரும்பினாள். எல்லோரும் திரும்பினார்கள். படியில் நீங்கள் குறுக்கே நின்றுகொண்டீர்கள். "நில்லுங்க. அவ தெரியாம செஞ்சிட்டா. வந்ததுக்குப் படிச்சிட்டுப் போலாம்" என்று அவர்களைத் தாண்டி மேசைக்கு வந்து புத்தகத்தை எடுத்தீர்கள். பாடுபட்ட பகுதியைத் தேடிப் புரட்டினீர்கள். புரளவில்லை. ஏடுகள் ஒட்டியிருந்தன. வாங்கி வைத்த நாளிலிருந்து அதை யாரும் படித்ததில்லை என்பது எழுத்துத் தெரியாதவர்களுக்கும் தெரிந்துபோயிற்று.

"இத நீ படிக்கவே இல்லியாம்மா?" என்று கேட்டீர்கள். கோபமாகக் கேட்டிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன். நோயாளியிடம் கேட்பதுபோல மெதுவாகக் கேட்டீர்கள்.

கொண்டையிலிருந்து ஊசியை உருவினீர்கள். ஓர் ஏட்டை அறுப்பது, அதைப் படிப்பது, அடுத்த ஏட்டை அறுப்பது. நீங்கள் அறுக்கும் நேரமெல்லாம் அவர்கள் காத்திருந்தார்கள். அந்தச் சரசரப்பு ஒவ்வொன்றும் எனக்குத்தான் கேட்டது. சிலுவையைச் சுமக்கும் இடம் வருவதற்குள் ஒவ்வொருத்தியாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். பன்னீர் பட்டவள் முன்னாலேயே உட்கார்ந்து அழுதாள். நான் சுவரிலிருந்த காகித எழுத்துக்களைச் சத்தமில்லாமல் ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் மறுபடியும் வந்தார்கள், அக்கா. அது உங்கள் சாமர்த்தியம். நீங்களோ அதைச் சொல்லிக் காட்டியதில்லை, கிண்டலை மட்டும் விட்டதில்லை. ஒவ்வொரு பண்டிகைக்கும் முன்னால், "இந்த தபா படிச்சியா, இல்ல ஊசி எடுத்துனு வரட்டுமா?" என்பீர்கள். நானும் ரோஷத்தோடு படித்தேன். குருத்தோலை ஞாயிறு எதற்கு, உயிர்த்தெழுந்த நாள் வருஷா வருஷம் ஏன் மாறுகிறது என்றெல்லாம் கேட்டால் தயங்காமல் சொல்வேன். உங்கள் தெருப் பெண்களுக்கு அவர்கள் பண்டிகையை நானே விளக்கினேன். அவர்களும் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டார்கள்.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும், "வூட்டுக்கு வாம்மா, சோறு துன்னுட்டுப் போ" என்பீர்கள். "வர்றேங்கா" என்பேன். முதலில் மாமியார் காரணம். அவர் காலமானபின் மகளுக்குச் சளி, வீட்டுக்காரருக்குக் கணக்கு முடிக்கும் வேலை, எனக்குத் தலைவலி. நீங்கள் இரண்டாவது தடவை காரணம் கேட்டதில்லை. மேசையை நன்றாகப் போட்டால் கடன் தீர்ந்தது என்று நானும் இருந்துவிட்டேன்.

ஆடியில் காய்ச்சலில் நீங்கள் போய்விட்டீர்கள் என்று மண்டி வண்டிக்காரர் சொன்னார். செருப்புப் போடாமல் ஓடிவந்தேன். ரயில்வே கேட்டைத் தாண்டியதும் கால் நின்றுவிட்டது. இடப்பக்கமா, வலப்பக்கமா? எதிரே வந்தவளை நிறுத்தி உங்கள் வீடு எது என்று கேட்டேன். அன்று நான் பன்னீர் தெளித்தவள்தான் அவள். அழுது வீங்கிய கண்ணோடு என்னை உற்றுப் பார்த்தாள்.

"எங்க பண்டிகைய எங்களுக்கே அவ்ளோ சொல்லிக் குடுத்தீங்களேம்மா. அக்கா வூடு உங்களுக்குத் தெரியாதா?"

குத்திக் காட்டவில்லை, அக்கா. நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். தெரியாது என்றேன். அவள் முன்னால் நடந்தாள். அவள் பின்னால் உங்கள் வீட்டுக்கு வந்தேன். கேட்டிலிருந்து கூப்பிடு தூரம். உங்கள் மகள் எனக்குப் பாய் விரித்தாள். என் வாசலில் ஊற்றிய தண்ணீர்தான் நினைவுக்கு வந்தது. உட்கார முடியாமல் நின்றேன்.

பன்னீர் பட்டவள் கேட்டது தினமும் என்னோடு இருக்கிறது. வாசகசாலையைப் பூட்டிவிட்டு வந்தாலும் அது வருகிறது. இந்தக் கிறிஸ்துமஸுக்கு மேசை வேண்டாம், உங்கள் தெருவுக்குப் போகவேண்டும் என்று மனம் அடித்துக்கொள்கிறது. ஆனால் என்னை வா என்று கூப்பிட்டவர் அந்தத் தெருவில் நீங்கள் ஒருவர்தான்.