மாத்திரை மாறிய பதினேழு நாட்கள்

அனுப்புநர்:
சேர்க்கை எண் 412, நான்காம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவியின் தந்தை,
லிப்ட் மெக்கானிக், பராமரிப்புப் பிரிவு.

பெறுநர்:
கல்வி அதிகாரி அவர்கள்,
இரண்டாம் மாடி, அறை எண் 6.

பொருள்: என் மகளைப் பள்ளியிலிருந்து நீக்குவது குறித்து மார்ச் 15 அன்று கூடவிருக்கும் ஒழுங்குக் குழுவைத் தள்ளிவைக்கவும், நடத்தைப் பதிவேட்டில் திருத்தம் செய்யவும் வேண்டுதல்.

பார்வை: தலைமையாசிரியை அவர்களின் மார்ச் 7 தேதியிட்ட அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா,

தங்கள் அறைக்கு இரண்டு முறை வந்தேன். இரண்டு முறையும் கதவு சாத்தியிருந்தது. பலகையில் பதவி மட்டும் இருந்ததால் எப்படி விளிப்பது என்று தெரியவில்லை, பொறுத்துக்கொள்ளவும். இது புகார் மனு என்றுதான் எழுதத் தொடங்கினேன். யார் மீது புகார் என்பது எழுத எழுதக் குழம்பிக்கொண்டே போகிறது. ஆகவே நடந்ததை நடந்தபடி வைக்கிறேன், தாங்களே பார்த்துச் சொல்லுங்கள்.

1. என் மகளுக்கு வயது ஒன்பது. வீட்டில் பம்பரம் என்று கூப்பிடுவோம், காரணம் சொல்லத் தேவையில்லை. ஓரிடத்தில் உட்கார முடியாது, ஒரு வேலையில் மனம் நிற்காது, கேள்வி முடியும் முன் பதில் வந்துவிடும். இதற்கு ஏ.டி.எச்.டி. என்று பெயர் சொல்லி, குழந்தைகள் மருத்துவர் சென்ற ஆண்டு ஒரு வெள்ளை மாத்திரை கொடுத்தார். அந்த மாத்திரையில் ஒரு வருடம் வகுப்பில் உட்கார்ந்தாள், எழுதினாள், பாராட்டும் வாங்கினாள். ஆனால் கொண்டுபோன சாப்பாடு அப்படியே திரும்பி வந்தது. எடை மூன்று கிலோ குறைந்தது. வீட்டில் பேச்சே இல்லை. பம்பரம் என்று கூப்பிட்டால் எங்களுக்கே கூச்சமாக இருந்தது.

2. எனவே மருத்துவர் அந்த மாத்திரையை நிறுத்தி, பிப்ரவரி 12 முதல் வேறொரு காப்ஸ்யூல் எழுதினார். இது முழுமையாக வேலை செய்ய ஆறு வாரம் ஆகலாம், இடையில் கோபமும் அழுகையும் சிடுசிடுப்பும் வரக்கூடும், வந்தால் உடனே தெரிவியுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள் என்றார். பள்ளியிலும் சொல்லிவிடச் சொன்னார். இந்தக் கடைசி வரியைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளவும்.

3. அதன் பிறகு பதினேழு பள்ளி நாட்களில் நடத்தைப் பதிவேட்டில் பதிமூன்று பதிவுகள். பக்கத்துச் சிறுமியின் நோட்டைக் கிழித்தது, பென்சில் பெட்டியை வீசியது, மேஜைக்கு அடியில் போய் ஒரு பாட வேளை முழுவதும் அழுதது, உடற்பயிற்சி ஆசிரியரின் கையைக் கடித்தது. ஒன்றையும் நான் மறுக்கவில்லை. கடித்த தடத்தை அவர் காட்டினார், நானே பார்த்தேன். ஒவ்வொரு பதிவுக்குக் கீழும் 'மாணவர் கையொப்பம்' என்ற கட்டத்தில் என் மகள் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். முதல் கையெழுத்தில் முழுப் பெயர் இருக்கிறது. பன்னிரண்டாவதில் முதலெழுத்து மட்டும்.

4. பதிவு எண் 7-இல் 'ஏன் செய்தாய் என்று கேட்டதற்குத் தெரியவில்லை என்று திமிராகப் பதிலளித்தாள்' என்று இருக்கிறது. இதை மட்டும் ஏற்க மனம் வரவில்லை. வீட்டில் நானும் அதையே கேட்டேன். "தெரியலப்பா. எனக்கு முன்னாடியே கை போயிடுச்சு" என்றாள். இருபது வருடமாகப் பழுது பார்க்கிறவன் நான். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவரிடம் எனக்குக் கோபம் வந்ததில்லை. தெரிந்ததைச் சொல்லாமல் இருந்தவன் வேறு ஆள். அதற்கு வருகிறேன்.

5. அதற்கு முன் ஒன்று. இதே நாட்களில் வேறு சிலவும் நடந்தன, அவை எந்தப் பதிவேட்டிலும் இல்லை. மார்ச் 1 அன்று டிபன் பாக்ஸ் காலியாக வந்தது. துணிக்கடையில் அளவு திருத்தும் பிரிவில் தையல் வேலை பார்க்கும் என் மனைவி, அந்தப் பாக்ஸைக் கழுவாமல் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். அன்று மாலை மகள் எங்களுக்கு ஒரு கதை சொன்னாள். எங்கள் தெருமுனை சலூன்காரர் தனக்குத் தானே முடி வெட்டிக்கொள்வது எப்படி என்று நடித்துக் காட்டிச் சிரித்தாள். ஒரு வருடத்துக்குப் பிறகு எங்கள் பம்பரம் சுற்றியதைப் பார்த்தோம். அதே மார்ச் 1-இல்தான் உடற்பயிற்சி ஆசிரியரைக் கடித்தாள், பதிவு எண் 11. சிரித்தவள் என் மகள், கடித்தது மருந்து என்று பிரித்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் எது மருந்து, எது அவள் என்று எந்தக் கோட்டில் வெட்டுவது? பழைய மாத்திரைக்குத் திரும்பினால் சாப்பாடு போகிறது, புதியதில் நின்றால் பள்ளி போகிறது. முன்னே போனால் முட்டுகிறது, பின்னே போனால் உதைக்கிறது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் நிற்கிறோம்.

6. இப்போது நான் மறைத்ததைச் சொல்கிறேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. லிப்டில் ஒரு பாகத்தை மாற்றினால் குடியிருப்பவர்களிடம் சொல்ல மாட்டோம். சொன்னால் அன்றைக்கே இல்லாத சத்தமெல்லாம் அவர்களுக்குக் கேட்கும், ஆடாத பெட்டி ஆடும். சொல்லாமல் விட்டு, பதினைந்து நாளில் யாராவது தாமாக வந்து குறை சொன்னால் மட்டுமே அது உண்மையான குறை. எனக்குத் தொழில் பழக்கிய போர்மன் முதல் வாரமே சொன்ன பாடம் இது, இதுவரை பொய்த்ததில்லை.

பிப்ரவரி 12 காலை என் மனைவி வகுப்பாசிரியைக்கு ஒரு சீட்டு எழுதி மகளின் டைரியில் வைத்தாள். "மிஸ், இன்னைக்கிலேருந்து புது மாத்திரை. கோவம், அழுகை வரலாம்னு டாக்டர் சொல்லியிருக்கார். கொஞ்சம் பாத்துக்கோங்க, எதுன்னாலும் போன் பண்ணுங்க" என்பதுதான் அதில் இருந்தது. பள்ளிக்குக் கொண்டுவிடுவது என் முறை. வாசலில் அந்தச் சீட்டை நான் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ஆசிரியைக்குத் தெரிந்தால் சாதாரணச் சிணுங்கலும் மருந்தின் கோளாறாகத் தெரியும், தெரியாமல் இருந்தால் உள்ளது உள்ளபடி வெளிவரும் என்று கணக்குப் போட்டேன். பதினைந்து நாள் கழித்துக் கொடுத்துவிடலாம் என்றிருந்தேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துத்தான் செய்தேன். பதினைந்து நாள் முடிந்தபோது பதிவுகள் குவிந்திருந்தன, அதன் பிறகு கொடுக்கத் துணிவில்லை.

7. ஆசிரியைக்குத் தெரியும் என்று என் மனைவி நம்பிக்கொண்டிருந்தாள். போன் வரவில்லை, பதிவுகள்தான் வந்தன. சொல்லியும் இப்படிச் செய்கிறார்களே என்று பொருமிப் பொருமி, மார்ச் 5 அன்று பள்ளிக்குப் போய்ச் சத்தம் போட்டாள். அப்படி எந்தச் சீட்டும் வரவில்லை என்று ஆசிரியை சொன்னார். அதுவும் உண்மை. மகளைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அம்மா டைரியில் வைத்ததைப் பார்த்தேன், அப்புறம் காணோம் என்றாள். அதுவும் உண்மை. பதிவு எண் 13: 'தாய் பொய் கூறுகிறார். மாணவியையும் பொய் கூறத் தூண்டுகிறார்.' அதற்கும் என் மகள் கையெழுத்துப் போட்டாள்.

அந்த நேரத்தில் நான் ஒன்பது மாடிக் கட்டடத்தின் மெஷின் அறையில் இருந்தேன். மனைவி போனில் அழுதாள். சீட்டு என் பையில் இருந்தது. வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

8. நேற்று ஞாயிற்றுக்கிழமை அவளிடம் சொல்லிவிட்டேன். தொழில் வழக்கத்தையும் விளக்கினேன். முழுவதும் கேட்டாள். பிறகு "அவ என்ன லிப்டா?" என்றாள். இந்த மனுவை நான் எழுதிக்கொண்டிருப்பதும் அவளுக்குத் தெரியும். மேஜையில் பேனா கொண்டுவந்து வைத்தவள் அவள்தான்.

9. ஆசிரியை மீது எனக்கு வருத்தமில்லை. நாற்பத்தொரு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, கண்ணால் கண்டதை நேரத்தோடு எழுதியிருக்கிறார். அறிவிப்பு வந்த மறுநாள் அந்தப் பக்கங்களின் நகலோடு மருத்துவரிடம் போனோம். அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். பதிமூன்றில் எட்டு பிற்பகலில் நடந்தவை என்பதைக் குறித்துக்கொண்டார். இதைவிட நல்ல குறிப்பு தமக்குக் கிடைத்ததில்லை, முதல் வாரமே ஏன் கொண்டுவரவில்லை என்று கேட்டார். அளவைக் குறைத்து, கொடுக்கும் நேரத்தையும் மாற்றியிருக்கிறார். இந்த மூன்று நாளாக மகள் அமைதியாக இருக்கிறாள், சாப்பிடுகிறாள். இது மருந்து படிந்ததாலா, பள்ளிக்கு வர வேண்டாம் என்று வீட்டில் இருக்கச் சொன்னதாலா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மருத்துவரும் தெரியாது என்றுதான் சொன்னார். மார்ச் 28 அன்று மறுபடி பார்த்துவிட்டுச் சொல்வதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்.

10. மார்ச் 15-க்கும் மார்ச் 28-க்கும் நடுவில் பதின்மூன்று நாள். அதற்குள் குழு கூடி நீக்கிவிட்டால், மாற்றுச் சான்றிதழில் இந்த ஒன்பது வயதுப் பெண்ணின் பெயருக்கு எதிரே 'கடிப்பவள், பொய் சொல்பவள்' என்ற பொருளில் ஒரு வரி ஏறிவிடும். அடுத்த பள்ளியில் அவளுக்கு முன்பே அந்த வரி போய் உட்கார்ந்துகொள்ளும். மருந்தை மாற்றலாம். அந்த வரியை மாற்ற முடியாது என்று தங்கள் அலுவலக எழுத்தரே சொன்னார்.

ஆகவே தங்களிடம் நான் கேட்பது:

குழுவை மார்ச் 28-க்குப் பிறகு கூட்டும்படி ஆணையிட வேண்டும்.

பதிவு எண் 1 முதல் 12 வரை எதையும் அழிக்க வேண்டாம். நடந்தவை நடந்தவைதான், மருத்துவருக்கும் தேவைப்படுகின்றன. ஓரத்தில் 'மருந்து மாற்றப்பட்ட காலம்' என்று மட்டும் குறிக்கச் சொல்ல வேண்டும். பதிவு எண் 13-ஐ முழுவதுமாக நீக்க வேண்டும். என் மனைவி பொய் சொல்லவில்லை, என் மகளும் சொல்லவில்லை.

இனி எந்தப் பிள்ளைக்கு இப்படி மருந்து மாறினாலும், மருத்துவரும் பள்ளியும் வீடும் ஒரே தாளில் எழுதும்படி ஓர் ஏற்பாடு செய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும். குடியிருப்பவர்களிடம் சொல்ல மாட்டோமே தவிர, மெஷின் அறைப் புத்தகத்தில் எழுதாமல் நாங்கள் ஒரு போல்ட்டைக்கூட மாற்றுவதில்லை. என் மகள் விஷயத்தில் அந்தப் புத்தகத்தையும் நான் திறக்கவில்லை.

கடைசியாக ஒன்று. இப்படி ஒரு வேண்டுகோள் தங்களுக்கு இதுவரை வந்திருக்குமா என்று தெரியவில்லை. பதினான்காவதாக ஒரு பதிவு எழுதச் சொல்ல வேண்டும்: 'ஆசிரியைக்கு எழுதிய சீட்டைத் தந்தை எடுத்து மறைத்தார். ஏன் என்று கேட்டதற்கு, தெரிந்தே செய்ததாகச் சொன்னார்.' அதற்குக் கீழே பெற்றோருக்கு உரிய கட்டத்தில் இல்லாமல், பதிமூன்று முறை என் மகள் கையெழுத்திட்ட அந்த மாணவர் கட்டத்தில், அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் கையெழுத்திட அனுமதிக்க வேண்டும்.

இடம்: வீடு, சாப்பாட்டு மேஜை
நாள்: மார்ச் 11

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
412-இன் தந்தை

இணைப்பு:
அ. தலைமையாசிரியையின் அறிவிப்பு, நகல்.
ஆ. நடத்தைப் பதிவேட்டுப் பக்கங்கள், மருத்துவரின் குறிப்புகளுடன், நகல்.
இ. மருத்துவரின் கடிதம்.
ஈ. என் மனைவி ஆசிரியைக்கு எழுதிய சீட்டு, மூலம். கிரீஸ் கறை என்னுடையது. பார்த்தபின் ஆசிரியையிடம் சேர்ப்பிக்க வேண்டுகிறேன்.