விரிப்பின் மறுமுனை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டுகிறார், படியை நான்தான் கட்டியது போல. போனில் நீ சித்தியின் வேலையைப் பற்றிக் கேட்டாய், அவள் பக்கத்திலேயே நின்றதால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

எங்கள் லாண்டரியில் துணி மடிக்க எட்டுப் பேர் இருந்தோம், கடைசியாகச் சேர்ந்தவள் உன் சித்தி. எத்தனை படி ஏறி இறங்கி அவளுக்குக் கிடைத்த வேலை என்று உனக்கே தெரியும். போன மாதம் எல்லோரும் சேர்ந்து கூலியை ஏற்றிக் கேட்டோம். விலையெல்லாம் ஏறுது, எங்க கூலி மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கே என்று நான்தான் முதலில் வாயைத் திறந்தேன். முதலாளியம்மா கோபப்படவில்லை. தர்றேன், ஆனா ஒரு ஆளைக் குறைச்சாத்தான் கட்டுப்படியாகும் என்றார். யாரை என்று கேட்க வேண்டியதே இல்லை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது சித்தி, நீ வாயைத் திறந்தே, என் வயித்துல அடி விழுந்துச்சுக்கா என்று அழுதாள். நாங்கள் கேட்டதும் நியாயம், அவள் அழுததும் நியாயம்.

மறுநாளிலிருந்து ஏழு பேர். ஆனால் விடுதிகளிலிருந்து வரும் பெரிய படுக்கை விரிப்பை ஒருத்தியால் மடிக்க முடியாது, ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து, இழுத்து, எதிரெதிரே நடந்து வந்து சேர்க்க வேண்டும். ஏழு பேரில் ஒருத்தி எப்போதும் ஜோடியில்லாமல் நின்றாள். கணக்குப் போட்டபோது முதலாளியம்மாவுக்கு அது தோன்றவில்லை. கடைசியில் அவரே வந்து மறுமுனையைப் பிடித்தார். இஸ்திரிக்காரர் சும்மா இருப்பாரா, புதுசா வந்த இந்த ஆளுக்கு என்னம்மா கூலி என்று கேட்டுவிட்டார். முதலாளியம்மாவும் சிரித்தார், சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது சிரிப்பு இல்லை. அந்த வாரமே ரயில் நிலையத்துப் பக்கம் புதிதாகத் திறந்த விடுதிக்காரர் துணி போட வந்தார். ஊரில் வியாபாரம் சூடு பிடித்திருக்கிறது, வெளியாட்கள் வந்து தங்குகிறார்கள், அறை நிறைந்தால் எங்கள் கூடையும் நிறையும்தானே. முதலாளியம்மா அவரை உட்காரச் சொல்லிவிட்டு, அவர் எதிரிலேயே சித்திக்குப் போன் போட்டார். ஏற்றிய கூலிக்கே வரச் சொன்னார்.

இதனால் கூலி ஏறினால் யாருக்கும் வேலை போகாது என்று முடிவு கட்டிவிடாதே. அறைகள் காலியாகக் கிடந்திருந்தால், எந்த முதலாளியின் நல்ல மனசும் ரொம்ப நாள் தாங்காது. கூலி ஏறாமல் இருந்திருந்தாலோ, கூடுதல் கூலிக்காகப் பெட்டி கட்டும் கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த எங்களில் இரண்டு பேர் போயே போயிருப்பார்கள், புதுத் துணியைத் தொடக் கையே இருந்திருக்காது. இரண்டும் சேர்ந்து வந்தது எங்கள் நல்ல நேரம்.

இப்போது சித்திக்கு ஜோடி நான்தான். வேண்டுமென்றே விரிப்பைச் சுண்டி இழுக்கிறாள், நான் தடுமாறினால் சிரிக்கிறாள். அடுத்த தடவை கூலி கேட்கும்போது நீ வாயை மூடிக்கிட்டு நில்லு, நான் பேசுறேன்கா என்கிறாள்.

கண் டாக்டரைப் பார்க்க மறக்காதே, தலைவலியோடு வேலை செய்யாதே. எல்லா நலமும் உன்னைத் தேடி வரட்டும்.

என்றும் உன்னையே நினைக்கும்
அம்மா