ஊசி முனையும் விமான டிக்கெட்டும்

சின்னவளின் அப்பாவுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதி கேட்பதற்குள் பதறிவிடுவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து படியுங்கள்.

செவ்வாய்க்கிழமை ஒரு வெள்ளைப் பட்டு உடை தைத்துக்கொண்டிருந்தேன். மெஷின் ஊசி இடது ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது. வேறு யாராவது என்றால் சக்கரத்தைத் திருப்பி ஊசியைத் தூக்கியிருப்பார்கள். நானோ, ரத்தம் பட்டால் துணி போச்சே என்று துணியை வெடுக்கென்று இழுத்தேன். துணியில் பொட்டுக் கறை இல்லை. ஊசிதான் முறிந்து, முனை விரலுக்குள்ளேயே தங்கிவிட்டது. சிரிக்காதீர்கள், திட்டவும் செய்யாதீர்கள்.

அவசர சிகிச்சைப் பிரிவில் ஆறு மணி நேரம் காத்திருந்தேன். அதற்கு அவசரம் என்று பெயர் வைத்த புண்ணியவானை அந்த பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு நாள் உட்கார வைக்க வேண்டும். ஆனாலும் பொழுது போனது. உங்கள் கட்சிக்காரர் ஒருவர் கிடைத்தார், கால் வீங்கிய பிளம்பர். எல்லாருடைய வைத்தியச் செலவையும் அரசாங்கமே ஏற்க வேண்டும் என்று எதிரே இருந்த ரிட்டையரான டீச்சர் சொல்ல, ஊரான் வைத்தியத்துக்கு என் வரிப் பணமா என்று இவர் எகிறினார். அச்சு அசல் நீங்களேதான். நான் டீச்சர் பக்கம். பிறகு பிளம்பரைக் கவுன்டருக்குக் கூப்பிட்டுத் தொகையைச் சொன்னார்கள். நொண்டிக்கொண்டே திரும்பி வந்தவர், உங்கள் திட்டம் எந்த மாதம் வரும் என்று டீச்சரிடம் கேட்டாரே பார்க்கலாம். வலியை மறந்து எல்லாரும் சிரித்தோம். அவரும்தான்.

கடைசியில் என்னையும் கூப்பிட்டார்கள். டாக்டரம்மா எக்ஸ்ரே பார்த்துவிட்டு, சின்ன ஆபரேஷன்தான், தள்ளிப்போட்டால் விரல் மடங்காமல் போய்விடும் என்றார். கவுன்டரில் கேட்ட தொகை, நீங்கள் ஊருக்கு வர டிக்கெட்டுக்கென்று நாம் சேர்த்தது முழுசும், அதற்கு மேல் ஐந்நூறும். வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். வீட்டில் யார் இருக்கிறார்கள் கேட்க?

இரண்டு நாள் ஒற்றைக் கையோடு மல்லுக்கட்டிப் பார்த்தேன். ஒரு பட்டன்கூடத் தைக்க முடியவில்லை. விரல் போனால் நம் பிழைப்பே போச்சு. அதனால் நாளைக் காலை ஆபரேஷன். பக்கத்து வீட்டு அக்கா துணைக்கு வருகிறார். அந்தப் பணத்தைத்தான் எடுக்கிறேன். உங்களைக் கேட்காமல் எடுத்ததற்கு மன்னித்துவிடுங்கள்.

ஒன்றே ஒன்று செய்யுங்கள். நீங்கள் வந்ததும் காட்ட வேண்டுமென்று சின்னவள் விழுந்த பல்லை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள். அப்பா இந்த வருஷம் வரவில்லை என்று நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்கள். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை.

இப்படிக்கு,
உங்கள் தையல்காரி