ஓடாதே என்று நான் சொன்ன காலை

என் ராஜையா, என் கூடப்பிறந்தவனே,

இதை ஓரிடத்தில் உட்கார்ந்து எழுத முடியவில்லை. இரண்டு வரி எழுதுகிறேன், எழுந்து போய் அடுப்பைப் பார்க்கிறேன், வாசலுக்கு வருகிறேன், திரும்பவும் பேனாவை எடுக்கிறேன். உனக்கென்ன, நிம்மதியாகப் படுத்துவிட்டாய். உயிரோடு இருந்தபோது ஒரு நாளாவது விடியும்வரை ஒழுங்காகப் படுத்திருக்கிறாயா?

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். எல்லைக் கோடு போட்டுவிட்டார்கள். பாறசாலை இந்தப் பக்கம், களியக்காவிளை அந்தப் பக்கம். தினமும் நீ ஓடிப்போய்த் திரும்பி வந்த சந்தை முக்கு இப்போது வேறு மாநிலம். நம் ஊரும் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று இதற்கா இத்தனை கூட்டம் போட்டோம், ஊர்வலம் போனோம்? உன்னைக் கொண்டுபோன அந்தக் காய்ச்சலில் நீ பிழைத்திருந்தால், "ரோடு அங்ஙனதானே கிடக்கு அக்கா" என்று சொல்லிவிட்டு ஓடப் போயிருப்பாய்.

உனக்கு உதியன்குளங்கரையில் சைக்கிள் கடையில் வேலை. ஆனால் என் துரை நீ, சைக்கிளில் ஏறமாட்டாய். "எலே, எதுக்கு இப்பிடி ஓடுத? ஆரு உன்னத் துரத்துதா?" என்று கேட்டால் பல்லைக் காட்டுவாய். பந்தயம், பரிசு எதுவும் உனக்கு வேண்டாம். ஓட்டம் மட்டும் வேண்டும்.

அந்தக் கடையடைப்பு நாள் காலையை இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை. சாலை முழுக்கப் போலீஸ். நீ துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு புறப்பட்டாய். நான் வாசலை மறித்தேன்.

"இண்ணைக்கு ஓடாத மக்கா. ஓடுதவன் நோட்டீசு கொண்டு போறான்னு போலீசுகாரன் பிடிச்சிருவான். கூட்டம் கலைஞ்சாலும் நீ ஓடப்பிடாது. அசையாம நின்னுக்கோ."

வேதப்புத்தகத்தை நீட்டிச் சத்தியமும் வாங்கினேன். எனக்குப் பயம். அந்த நாட்களில் ஓடுகிற கால்களைத்தான் எல்லோரும் சந்தேகப்பட்டார்கள்.

நீ ஓடாமல் கூட்டத்துக்குப் போனாய். போலீஸ் விரட்டியதில் கூட்டம் கலைந்தது. ஊரே ஓடியது. தங்கப்பன் அண்ணனின் வண்டிமாடுகள் மிரண்டு, தேங்காய் பாரத்தோடு வண்டி உன் வலது காலில் ஏறிவிட்டது. "விளிச்சேன், தொண்டை கீற விளிச்சேன். அவன் மாறல்ல, கல்லு போல நின்னான்" என்று அந்த மனுஷன் நடுரோட்டில் உட்கார்ந்து அழுதார். யார் நம்பினார்கள்? பாறசாலையிலேயே வேகமாக ஓடுகிறவன் மாட்டுவண்டிக்கு விலகாமல் நின்றானாம்! குடித்துவிட்டு ஓட்டினான் என்றார்கள். அவர் சொன்னது உண்மை என்று எனக்கு மட்டும் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

முட்டுக்குக் கீழே காலை எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். நீ கட்டிலைப் பிடித்துக்கொண்டு மாட்டேன் என்றாய். எலும்பு கட்டும் ஆசான் வந்து மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். எண்ணெய் நாற்றத்தோடு எத்தனை மாதம் கிடந்தாய்! பிறகு வேலியைப் பிடித்துக் கிணறுவரை, கம்பை ஊன்றி மரச்சீனிக் கிழங்கு நட்ட விளைவரை. ஒரு நாள் கம்பை எறிந்துவிட்டு ஓடினாய். கால் குட்டையாகிப் போனதால் உன் ஓட்டத்துக்கு ஒரு இழுப்பு வந்திருந்தது. பந்தயமே வேண்டாம் என்றிருந்தவன், ஓணத்துக்கு அதியன்னூரில் நடந்த ஓட்டத்தில் சேர்ந்து கடைசியாக வந்தாய். வந்துவிட்டு நீ சிரித்த சிரிப்பை, முதலில் வந்தவன் கூடச் சிரிக்கவில்லை.

அதன்பின் நீ வழியை மாற்றினாய். தங்கப்பன் அண்ணன் வீட்டு வாசல் வழியே போகாமல் சுற்றிக்கொண்டு ஓடுவாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பேச்சு எங்கே போகும் என்று பயந்தேன்.

உன் காலை ஒடித்தவர் என்று பாரம் ஏற்ற யாரும் அவர் வண்டியைக் கூப்பிடுவதில்லை. நீ போன பிறகு இன்னும் மோசம். போன வியாழக்கிழமை சாமான் சட்டியெல்லாம் ஏற்றிக்கொண்டு, எல்லைக்கு அந்தப் பக்கம் மாமியார் ஊருக்குப் புறப்பட்டுவிட்டார். வண்டி நம் வாசலைக் கடந்ததும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஓடினேன் ராஜையா. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடுரோட்டில் ஓடினேன். வேலியோரம் நின்ற பெண்கள் "ஐயோ, ஆரு செத்தா?" என்று கேட்டார்கள்.

மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"எனக்கு அது அப்பவே தெரியும் மக்களே. கட்டு போட்டுக் கிடக்கும்போ பாக்கப் போனேன். 'அக்கா சொல்லித்தான் நின்னேன் அண்ணா. அது வெளிய வந்தா அவ உயிரோட இருக்கமாட்டா'ன்னு கையப் பிடிச்சு அழுதான். எனக்க வண்டிதானே ஏறிச்சு. பழி எனக்கே இருக்கட்டும்னு சொல்லிப்போட்டு வந்தேன்."

யாரைக் கேட்டு இப்படிச் செய்தாய்? காலை நான் ஒடித்தேன், வலியை நீ தின்றாய், பழியை அவர் சுமந்தார். நான் இங்கே தினமும் சோறு தின்று தூங்கியிருக்கிறேன். உன்னைக் கட்டிக்கொண்டு அழவும் முடியாது, கன்னத்தில் ஒன்று வைக்கவும் முடியாது. என்னை ஏன் மன்னித்தாய் என்பதைவிட, மன்னித்ததை ஏன் சொல்லாமல் போனாய் என்பதுதான் என்னை அரிக்கிறது.

கேட்டுக்கொள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபையார் முன்னால் எழுந்து நின்று இதையெல்லாம் சொல்லப் போகிறேன். உட்காரச் சொன்னாலும் உட்காரமாட்டேன். அன்றைக்கே எல்லை தாண்டி நடந்து போய் அவரைக் கூப்பிடுவேன். வரமாட்டேன் என்றால் மறுநாளும் போவேன், அதற்கடுத்த நாளும் போவேன். நம் ஊர் வழியாக அவர் வண்டி பாரத்தோடு போகிறவரை நான் ஓயமாட்டேன்.

உன்னை நிற்கச் சொன்ன
உன் அக்கா ஞானம்மாள்